மினுக்கு மோடும் எதிர்மலைச் சம்பந்தமும்

டார்ச் லைட் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எவ்வளவு தூரம் அடிக்கும்? எங்கள் குரூப்பில் யாராவது இந்தக் கேள்வியோடு உள்ளே வந்தால், ஆள் புதுசு என்று உடனே தெரிந்துவிடும். நாங்கள் கலர் கேட்போம். வெளிச்சத்தின் ஓரத்தில் பச்சை அடிக்கிறதா, நடுவில் நீலம் பூத்திருக்கிறதா, சொந்தக் கையின் மேல் அடித்துப் பார்த்தால் அது உயிருள்ள கையாகத் தெரிகிறதா, இல்லை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் மாதிரி இருக்கிறதா. புது லைட் படம் போட்டால் முதல் பதில் எப்போதும் இதுதான்: "மச்சி, ஒரு தக்காளி மேல அடிச்சுக் காட்டு."

முப்பது சொச்சம் பேர் இருக்கிறோம். ஒருத்தரை ஒருத்தர் நேரில் பார்த்ததில்லை. ஊர்ப் பேர்தான் எல்லோருக்கும் பேர். சேலம் அக்கா, ஓசூர் அண்ணன், என்னை மலை. நான் ஜவ்வாது மலைக்காரன். திருப்பத்தூரில் பி.எஸ்சி. பிசிக்ஸ் முடித்துவிட்டு போளூரில் ஒரு மொபைல் சர்வீஸ் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். படித்த பிசிக்ஸில் இன்றைக்கும் உதவுவது ஒளி பற்றிய அத்தியாயம் மட்டும்தான், அதுவும் இந்தக் குரூப்பில் சண்டை போட.

எங்கள் எல்லோருக்கும் ஒரே கனவு. கம்மி விலையில், ஆனால் எதுவும் கோணாத ஒரு லைட். கடையில் அப்படி ஒன்று கிடையாது. விலை கம்மியாக இருந்தால் வெளிச்சம் ட்யூப் லைட் மாதிரி வெளுத்திருக்கும். கலர் நன்றாக இருந்தால் பேட்டரியைக் கழற்ற முடியாது. பேட்டரி கழன்றால் சார்ஜ் போட ஏதோ ஒரு பழைய பின். எல்லாம் சரியாக இருந்தால் விலையைப் பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டியதுதான்.

லேத் பட்டறை வைத்திருக்கிற ஓசூர் அண்ணன் ஒரு நாள் குரூப்பில் வாய்ஸ் போட்டார். "குழாய் நான் கடைஞ்சு தர்றேன்பா. உள்ள என்னென்ன வேணும்னு நீங்க அடிச்சிக்கிட்டு ஒரு முடிவு சொல்லுங்க."

அடித்துக்கொண்டோம். மூன்று மாசம். லேப்டாப் பேட்டரிக்குள் வரிசையாக இருக்குமே அந்த உருளை, அதைப் போட வேண்டும், யார் வேண்டுமானாலும் கழற்றி மாட்ட வேண்டும் என்பதில் சண்டையே இல்லை. டைப் சி சார்ஜ், அதுவும் ஓகே. மேஜையில் வைத்தால் உருளக் கூடாது. பின்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும், மெழுகுவத்தி மாதிரி நிறுத்தி வைத்தால் கூரையில் பட்டு அறை முழுக்க வெளிச்சம் இறங்க வேண்டும். வெளிச்சம் சாயங்கால வெயில் கலரில் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் கைதட்டல்தான்.

சேலம் அக்கா ஆஸ்பத்திரி நர்ஸ். அவர் கேட்டது வேறு மாதிரி. "எனக்கு இவ்ளோ தூரம் அவ்ளோ தூரம்லாம் வேணாம். வார்டுல ட்ரிப்ஸ் ஓடுதான்னு பாக்கணும், பக்கத்து பெட்டுக்காரர் முழிக்கக் கூடாது. மின்மினி அளவுக்கு ஒரு வெளிச்சம் குடுங்க போதும். எப்ப ஆன் பண்ணாலும் அதுலருந்துதான் ஆரம்பிக்கணும். நேத்து எதுல விட்டோமோ அதுல ஆரம்பிக்கவே கூடாது. அப்புறம் விட்டு விட்டு வெட்டுற அந்தக் கண்றாவி மினுக்கு மோடு, அது இருக்கவே கூடாது."

அங்கேதான் நான் குறுக்கே விழுந்தேன். ரெடிமேட் சர்க்யூட்டில் மினுக்கு மோடு தானாகவே வரும். அதைத் தூக்க வேண்டும் என்றால் தனியாகப் புரோகிராம் எழுத வேண்டும், விலை ஏறும். விலை ஏறினால் அப்புறம் என்ன கனவு? தவிர, லைட்டுக்கு ஞாபகம் வேண்டும் என்பது என் கட்சி. நான் நேற்று ஹையில் விட்டால் இன்றைக்கும் ஹையில்தான் எரிய வேண்டும். ஒவ்வொரு தடவையும் அதுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருக்க முடியுமா?

"யக்கா, மினுக்குனா இன்னா, கடிச்சிடுமா?" என்று போட்டேன். பதினாறு பேர் சிரிப்பு பொம்மை போட்டார்கள். கெத்தாக இருந்தது.

கடைசியில் ஓசூர் அண்ணன் என் கட்சிப்படியே ஒரு சாம்பிள் செய்து எனக்கே அனுப்பினார். "நிஜமான இருட்டு உன்கிட்டதான் இருக்கு. பத்து நாள் வச்சிரு. அப்புறம் சொல்லு, அதுதான் ஃபைனல்."

தை மாசம் போளூர் பார்சல் ஆபீஸில் அதை வாங்கினேன். வெளிர் சாம்பல் கலர். ஒரு விரலை விடக் கொஞ்சம் தடி. பஸ்ஸில் மலை ஏறும்போது சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டே இருந்தேன். லேத்தில் கடைந்த வரிகள் விரல் நுனியில் கைரேகை மாதிரி ஓடின.

அந்தப் பத்து நாளும் நான் தரையில் நடக்கவில்லை என்றே நினைக்கிறேன். எங்கள் ஊரில் தை மாசப் பனி சாயங்காலமே பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். மேலே வானம் தெளிவு, கீழே பால் சட்டி. அந்தப் பாலுக்குள் லைட்டைச் சாய்த்தால் வெளிச்சம் ஒரு கட்டையாக நிற்கும். கையை நுழைத்தால் கை நிழல் அந்தக் கட்டைக்குள் நீளமாக ஓடும். சாமை அறுத்த தாள் வெறும் காய்ந்த புல்தானே என்று நினைத்திருந்தேன். இந்த லைட்டில் அது தேன் கலரில், ஒவ்வொரு கணுவும் தனித்தனியாக நின்றது. புளிய மரத்துக்கு அடியில் படுத்துக்கொண்டு கிளைக்குள் அடித்தால், கொழுந்து ஒரு பச்சை, முற்றின இலை ஒரு பச்சை, பழுத்து விழப் போகிற இலை கிட்டத்தட்ட தங்கம். மின்மினி மோடில் போட்டு வீட்டுக்குள் நடப்பேன். வெளிச்சம் முன்னால் போகாது, என் கால் கூடவே நாய்க்குட்டி மாதிரி வரும். எங்கேயோ தண்ணீருக்கு அடியில் நடப்பது போல் இருக்கும்.

ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது. அதை அப்பா தினமும் வாசலில் இருந்து கத்துவார்.

"டேய், எங்க வேணா அடி. எதிர்மலைக்கு அடிக்காத!"

எங்கள் ஊருக்கும் எதிர்மலை ஊருக்கும் நடுவில் ஒரு பள்ளம், பள்ளத்தில் ஓடை. கூப்பிடு தூரம் மாதிரி தெரியும், இறங்கி ஏற ஒரு மணி நேரம். போன் டவர் எங்கள் ஊரில் தண்ணித் தொட்டி மேல் ஏறி நின்றால் ஒரு புள்ளி எடுக்கும். பள்ளத்தில் சுத்தமாகக் கிடையாது. அதனால் இரண்டு ஊருக்கும் நடுவில் பேச்சு லைட்டில்தான். லைட்டை வட்டமாகச் சுற்றினால் 'வாங்க'. அசையாமல் பிடித்தால் 'வழி இதுதான்'. நிற்காமல் அணைத்து அணைத்துப் போட்டால் சாவு. ஊரில் இப்போது வாட்ஸப் இல்லாத ஆள் இல்லை, ஆனால் சாவை மட்டும் போனில் சொல்ல மாட்டோம். அது மரியாதை இல்லை. லைட்தான்.

எதிர்மலையில் அந்த லைட்டைப் பார்த்தவர்கள் உடனே தங்கள் வெளிச்சத்தை அணைத்துவிட வேண்டும். 'தெரிந்தது, வருகிறோம்' என்று அர்த்தம். பார்த்தபின் வராமல் திரும்பக் கூடாது. சாவு வீட்டு வாசலை மிதிக்கிற வரைக்கும் கையில் வெளிச்சமும் கூடாது.

எதிர்மலையில்தான் என் கூடப் பிறந்த அக்காவுக்கு மாப்பிள்ளை. அவள் அங்கன்வாடி டீச்சர். மாப்பிள்ளை ஜீப் ஓட்டுகிறார். இரண்டு பேரும் ஒரே ஜீப்பில் போய் வந்து முடிவு பண்ணினது. அப்பா மூன்று தடவை பள்ளம் இறங்கி ஏறிப் போய்ப் பேசினார். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு இஷ்டமில்லை. மூன்றாவது தடவை, சாமியிடம் பூ கேட்டுச் சொல்கிறேன் என்றார். சாமி தலையில் வைக்கிற பூ வலப்பக்கம் விழுந்தால் சம்மதம். அவர் தனியாகப் போய்க் கேட்டு வந்து, பூ இடப்பக்கம் விழுந்துவிட்டது, ஒரு வருஷம் போகட்டும் என்று சொல்லிவிட்டார்.

அந்த ஒரு வருஷத்தை அக்கா எப்படிக் கடத்தினாள் என்று எனக்குத் தெரியும். ஜீப் ஏறவில்லை. அங்கன்வாடிக்குப் போக வர நடந்தே போனாள். கேட்டால் "நல்லது, உடம்பு எளைக்குது" என்பாள். நடுவில் அப்பாவுக்கு இருமல் முற்றி திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்து வந்தார். வருஷம் முடிந்தது. சாக்கு எதுவும் மிச்சமில்லாமல் அந்த அம்மா, சரி, பரிசம் போட வருகிறோம் என்று சொல்லியனுப்பினார். கூடவே ஒரு வாலும் இருந்தது. "வழியில ஒரு சகுனம் தப்புனாலும் அப்படியே திரும்பிடுவேன். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

பரிசத் தட்டு வண்டி ஏறக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஜீப்காரர் வீட்டுப் பரிசமாக இருந்தாலும் நடைதான். விளக்கு வைத்தபின் நல்ல நேரம். அவர்கள் சரிவில் இறங்கும்போது ஊர் முனைப் பாறையில் நின்று வழி காட்ட ஓர் ஆள் வேண்டும். அக்கா என்னைத்தான் சொன்னாள்.

"அவன் பத்து நாளா லைட்ட வச்சிகினு பைத்தியமா திரியறான். ஒரு நாளாவது உருப்படியா புடிக்கட்டும்."

அன்றைக்கு மத்தியானம் வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். நான் தானியம் போடுகிற உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு குரூப்புக்கு வீடியோ எடுத்தேன். என் வாதத்தை நிரூபிக்கிற வீடியோ. "பாருங்க மக்களே, மினுக்கு மோடுக்குப் போகணும்னா இத்தனை தடவ அமுக்கணும். தெரியாம யாரும் போகவே முடியாது. இதோ, இப்பதான் வந்துச்சு." அறை முழுக்க வெட்டி வெட்டி மின்னியது. சாமை மூட்டைகள் ஒவ்வொரு மின்னலுக்கும் ஒரு அடி நகர்ந்த மாதிரி இருந்தது. சூப்பர் என்று சொல்லிக்கொண்டு லைட்டை அணைத்துப் பையில் போட்டேன். மினுக்கில் இருக்கும்போதே அணைத்தேன்.

சாயங்காலம் பாறை மேல் ஏறி நின்றேன். மேற்கே திருப்பத்தூர்ப் பக்கம் வானம் ஆறின கங்கு மாதிரி இருந்தது. பள்ளத்தில் பனி நிரம்பி விளிம்பு தட்டியது. எதிர்ச்சரிவு மட்டும் அதற்கு மேலே தெளிவாக, கத்தரித்து ஒட்டின மாதிரி. அதில் போன் லைட்டுகள் ஒன்றன் பின் ஒன்றாக இறங்கின. பத்துப் பன்னிரண்டு இருக்கும். வளைவில் மறையும், மறுபடி வரும். யாரோ பூக்கட்டிய சரத்தை மெதுவாகக் கீழே விடுகிற மாதிரி. அந்தச் சரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் முன்னாலேயே லைட்டை எடுத்துச் சோதித்திருக்கலாம். தோன்றவில்லை. சரம் பனிக்குக் கிட்டே வந்ததும் கையை உயர்த்தி, எதிர்மலையைப் பார்த்து, அமுக்கினேன்.

லைட்டுக்கு ஞாபகம் இருந்தது.

பள்ளம் மொத்தமும் வெட்டி வெட்டி எரிந்தது. பனி, மரம், பாறை, என் கை எல்லாம் இருந்து, இல்லாமல் போய், இருந்து. அரை அமுக்கு அமுக்கினால் அடுத்த மோடு. அமுக்கினேன். அடுத்ததும் மினுக்குதான், அபாய சிக்னலாம், மூன்று சின்னது, மூன்று பெரிசு. பதறிப் போய் முழுசாக அணைத்தேன். திரும்பப் போட்டேன். விட்ட இடத்திலிருந்து நன்றி விசுவாசத்தோடு மினுக்கியது. மறுபடி அணைத்தேன். மறுபடி போட்டேன். இதைவிடச் சுத்தமாக எங்கள் மலையில் யாரும் சாவு சொல்லியிருக்க முடியாது.

எதிரே சரம் நின்றது. முதல் லைட் அணைந்தது. அப்புறம் இரண்டாவது. ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், கடைசி லைட்டும் அணைந்தது. சரிவு வெறும் கறுப்பானது. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக ஒன்றையும் நான் பார்த்ததில்லை, அவ்வளவு பயந்ததும் இல்லை.

வாசலிலிருந்து அப்பா கத்தினார். "டேய்! எதிர்மலைக்கு இன்னாடா மினுக்கற?"

அவருக்கு முன்னால் அக்கா ஓடி வந்துவிட்டாள், பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. எதிர்ச்சரிவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எவ்ளோ நேரம்டா மினுக்கிச்சு?"

"பத்து செகண்டு இருக்கும்க்கா. மெமரி மோடு... "

"வாய மூடு. சாவு இல்லன்னு காட்ட இன்னா லைட்டு?"

அப்படி ஒரு லைட் கிடையாது. 'வாங்க' என்று வட்டம் சுற்றினாலும், சாவுக்குச் சீக்கிரம் வாங்க என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்பதற்கு ஒரு சைகை வேண்டும் என்று இதுவரை யாருக்கும் தோன்றவில்லை. லைட்டில் யாரும் பொய் சொன்னதில்லையே.

அக்கா அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "போ. எறங்கிப் போய் இட்டுகினு வா. அவங்க அப்படியே திரும்பிப் போனா, நீயும் அவங்களோட போய்டு. இந்த வூட்டுக்கு வராத."

இறங்கினேன். பாறையிலிருந்து பத்தடி இறங்கியதும் பனி இடுப்புக்கு வந்தது, அப்புறம் கழுத்துக்கு, அப்புறம் தலைக்கு மேல். உள்ளே சத்தமெல்லாம் மாறிவிட்டது. என் செருப்புச் சத்தம் எங்கேயோ தள்ளி யாரோ நடக்கிற மாதிரி கேட்டது. லைட்டைப் போட பயம். போட்டு இன்னொரு தடவை மினுக்கினால் என்ன செய்வது? தடத்தைக் கால்தான் கண்டுபிடித்தது.

ஓடைக்கிட்டே போகும்போது ஒப்பாரி கேட்டது. பனிக்குள் திசை தெரியவில்லை. எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. ஒரே குரல். மாப்பிள்ளையின் அம்மா.

"மூணு தரம் படியேறி வந்தீங்களே எங்கண்ணா...
ஒரு வாய்க் கூழு ஊத்தாம அனுப்புனனே எங்கண்ணா..."

அப்பாவைத்தான் சொல்கிறார். ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்த மனுஷன், அவர்தான் போய்விட்டார் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். கத்தி நிறுத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அடுத்த அடி வந்தது.

"வலப்பக்கம் வுழுந்த பூவ
இடப்பக்கம்னு சொன்னனே எங்கண்ணா...
எங்கூடப் பொறந்தான் மவள நெனச்சு
சாமி மேல பொய்ய வச்சனே எங்கண்ணா...
பொண்ணு பரிசத்தப் பாக்கறதுக்குள்ள
கோடி போத்த வச்சனே எங்கண்ணா..."

திறந்த வாய் திறந்தபடியே நின்றேன். குரல் நின்றதும் ஓடை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கூட வந்த அவ்வளவு பேரும் கேட்டிருக்கிறார்கள்.

பனிக்குள்ளிருந்து உருவங்கள் வந்தன. முதலில் வெறும் அடர்த்தி, அப்புறம் தோள், அப்புறம் முகம். பெண்கள் தலையில் பூ இல்லை. கையில் தட்டு எதுவும் இல்லை, ஓடைக்கரையில் வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். முன்னால் அந்த அம்மா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

"தம்பி... எப்பப்பா? எத்தினி மணிக்கு?"

"அத்த... யாரும் சாகலைங்க."

"யாரும் சாகலன்னா?"

"அப்பா நல்லா கீறாரு. வாசல்ல நின்னு என்னைத் திட்டிகினு கீறாரு. லைட்டு... அதுக்கு மெமரின்னு ஒண்ணு இருக்குதுங்க. நேத்து எதுல விட்டமோ, இல்ல, மத்தியானம் எதுல விட்டமோ..."

சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. அந்த அம்மா பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். பின்னாலிருந்து ஒரு கிழவர், "பல்புக்கு ஞாபகமாம். எனக்கே இல்ல" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மாப்பிள்ளை முன்னால் வந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"யம்மா. பூ வலப்பக்கமா வுழுந்துச்சு?"

அந்த அம்மா முந்தானை நுனியை முறுக்கினார்.

"ஒரு வருசம்மா."

அந்த அம்மா முந்தானையை உதறி எழுந்தார். இப்போது சொல்லப் போகிறார், சகுனம் தப்பிவிட்டது, திரும்புங்கள் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அப்படிச் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. சாவு லைட்டைவிடக் கெட்ட சகுனம் எது?

"சாவு லைட்டு பாத்துட்டு அந்த வூட்டு வாசலை மிதிக்காம திரும்பக் கூடாது," என்றார். "ஏறுங்க. மத்ததெல்லாம் மேல போய்ப் பேசிக்கலாம்."

நான் பையிலிருந்து லைட்டை எடுத்தேன்.

"அதை எட்த்த, ஓடையில வீசிடுவேன். வாசல் வரைக்கும் இருட்டுதான்," என்றார் அந்த அம்மா.

இருட்டிலேயே ஏறினோம். ஒருத்தர் துண்டை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, பனிக்குள் ஒரு நீளப் பூரான் மாதிரி. என் துண்டை அந்த அம்மா பிடித்திருந்தார். கல் தடுக்கும்போதெல்லாம் துண்டை ஒரு இழு இழுத்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தலை பனிக்கு வெளியே வந்தபோது அவ்வளவு நட்சத்திரமும் ஒரேயடியாக மேலே இருந்தது.

அப்பா வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். வந்தவர்களின் வெறுங்கையைப் பார்த்தார், பூவில்லாத தலையைப் பார்த்தார்.

"இன்னாங்க இது, பரிசம் போட வந்தீங்களா, எனக்குப் பால் ஊத்த வந்தீங்களா?"

கதவுக்குப் பின்னால் அக்காவின் புடவை ஓரம் தெரிந்தது. அசையவில்லை.

அந்த அம்மா வாசலை மிதித்தார். அப்பாவுக்கு நேராகப் போய் நின்றார். "அண்ணா. உங்களச் சாவடிச்சிட்டு ஒண்ணு சொல்லி அழுதேன். ஓடையில எல்லாரும் கேட்டாங்க. உசுரோட கீற ஆளுக்கு முன்னால அத மறைக்கக் கூடாது. பூ வலப்பக்கந்தான் வுழுந்துச்சு. நான் மாத்திச் சொன்னேன்."

வாசலில் அத்தனை பேர். அப்பா இருமினார். அந்த இருமல் முடிகிற வரைக்கும் எல்லோரும் காத்திருந்தோம்.

"உசுரோட இருக்கறவன் செத்துட்டான்னு சேதி போனா ஆயுசு கெட்டின்னு சொல்வாங்க," என்றார் அப்பா. "நீங்க அழுத அழுகைக்கு எனக்கு நூறு தாண்டும் போல கீது. ஒரு வருசந்தானே போச்சு. வுடுங்க. உள்ள வாங்க."

"உள்ள வர்றதா? சாவுக்குன்னு வந்த காலு. தலைக்கு ஊத்திகினுதான் தட்டத் தொடணும். எல்லாரும்." அவர் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். "இன்னாடா பாக்கறீங்க? வேட்டிய அவுருங்க."

தை மாசம், எங்கள் மலை, தொட்டித் தண்ணீர். நினைத்தாலே பல் கிட்டும். என் அம்மா வெந்நீர் போடவா என்று கேட்டார், அத்தனை பேருக்கும் போட விடிந்துவிடும் என்றார்கள். பல்புக்கு ஞாபகமாம் என்று சொன்ன கிழவர் முதல் சொம்பு ஊற்றிக்கொண்டு போட்ட சத்தத்தில் ஊர் நாய் எல்லாம் குரைத்தது. அதற்குப் பிறகுதான் ஒருவர் சிரித்தார். அப்புறம் நிற்கவில்லை.

ஈரத்தலையோடு மாப்பிள்ளையும், நனையாத தலையோடு நானும் தட்டுகளை எடுத்துவரப் பள்ளம் இறங்கினோம். இப்போது லைட் போடலாம். அரை அமுக்கு, அரை அமுக்கு என்று மினுக்கெல்லாம் தாண்டி மின்மினிக்குக் கொண்டுவந்தேன். கால் வைக்கிற இடம் மட்டும் மஞ்சளாகக் கூடவே வந்தது.

"மாமா, கோவமா?"

"உம்மேலயா?" பல் தந்தியடித்தது அவருக்கு. "நீ மினுக்காம வுட்டிருந்தா இன்னிக்குப் பரிசம் முடிஞ்சிருக்கும். அம்மா வாயில அந்தப் பூ அப்படியே இருந்திருக்கும்." கொஞ்ச தூரம் போய், "ஆனா அந்தப் பொத்தானை நம்பாத. அணைச்சா எல்லாத்தையும் மறந்துடற லைட்டு இல்லியா?" என்றார்.

சேலம் அக்கா மூன்று மாசமாகச் சொன்னது அதுதான். அடுத்த நாள் தண்ணித் தொட்டி மேல் ஏறி குரூப்பில் எழுதினேன்: மினுக்கு வேண்டாம். ஞாபகமும் வேண்டாம். விலை ஏறினால் ஏறட்டும், ஒவ்வொரு தடவையும் மின்மினியிலிருந்தே ஆரம்பிக்கட்டும். காரணம் கேட்டார்கள். சொன்னேன். பதினாறு பேரும் மறுபடி சிரிப்பு பொம்மை போட்டார்கள், இந்தத் தடவை எனக்கு. சேலம் அக்கா மட்டும், "கல்யாணம் என்னிக்கு?" என்று கேட்டார்.

அன்றைக்கு ராத்திரி நாங்கள் இறங்கிப் போனபோது ஓடைக்கரையில் தட்டுகள் வரிசையாக இருந்தன, மேலே போட்ட துண்டெல்லாம் பனியில் நனைந்து. வெற்றிலை, பழம், புடவை, ஒன்றும் கலையவில்லை. வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். தண்ணீருக்குப் பக்கத்தில் இருட்டில் மஞ்சளும் சிவப்புமாக யாருக்கோ காத்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தன. ஆளுக்கு இரண்டாகத் தூக்கிக்கொண்டு, மிச்சத்துக்கு இன்னொரு நடை நடந்தோம்.

நல்ல நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. அதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. நனைந்த தலைகள் வரிசையாக உட்கார்ந்திருக்க, சொட்டுச் சொட்டாகப் பாயில் தண்ணீர் இறங்க, தட்டு மாறியது. அந்த அம்மா அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து, இரண்டு கையாலும் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

அக்கா துள்ளிவிட்டாள். "அத்த! கை ஐஸா கீது!"

"எங்கை மட்டுமாடி ஐஸு? நாங்க ஊத்திகின தண்ணிய உன் தம்பி தலையில ஒரு சொம்பு ஊத்து, தெரியும்."

அக்கா என்னைப் பார்த்தாள். எழுந்து, பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு, சொம்பை எடுக்கப் போனாள்.